வந்த காரணம்

ஈரோட்டில் இறங்கியபோது ராத்திரி எட்டே கால்.
மணிக்கூண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி
பச்சை பெயின்ட் அடித்த லாட்ஜ்.
"ஒத்தையாவாங் வந்தீங்க?" என்றார் செங்கோட்டுவேலு.
என் ஆதார் அட்டையை
ஐந்நூறு ரூபாய் நோட்டைப் போல
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
"திங்கக்கெழமைங். ரூம்பு கெடைக்கறதே செரமம்.
தெருப்பக்கம் ஒண்ணு இருக்குது.
சத்தமா இருக்கும். பொறவு சொல்லக்கூடாதுங்."

பதிவு நோட்டில் பெயர், வயது, ஊர் வரை
பேனா நன்றாகத்தான் ஓடியது.
ஜெ. அருள்கனி, நாற்பத்து மூன்று, பாளையங்கோட்டை.
'வந்த காரணம்' என்ற கட்டத்தில் நின்றுவிட்டது.
பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்
மைக்ராஸ்கோப்புகளுக்குக் கண் துடைத்துவிடுகிறவள்
என்பதை ஒன்றரை அங்குலத்தில் எப்படி எழுத?
எனக்கு மேலே இருந்தவர்களுக்கெல்லாம்
ஒரே காரணம்:
ஜவுளி. ஜவுளி. மேற்படி. மேற்படி.
காலியாக விட்டுவிட்டுச் சாவியை வாங்கினேன்.

எதிர்ச் சந்தில் சாப்பாடு.
பலகையில் பெயர் உரிந்து 'மெஸ்' மட்டும் மிச்சம்.
இலையில் தண்ணீர் தெளிப்பதற்குள்
"கறி திம்பீங்களா?" என்றார் பாவாயி அக்கா.
நான் தலையாட்டி முடிக்கவில்லை,
அரிசியும்பருப்பும் ஒரு குவியல், நடுவே நெய்க்குழி.
எங்கள் பக்கம் தேங்காயை அரைத்து ஒளித்துவிடுவோம்.
இங்கே பல்லுப்பல்லாகக் கீறி
கோழியோடு வறுத்துப் போடுகிறார்கள்;
வரமிளகாய் அத்தனை சிவப்பிலும்
காரம் கொஞ்சம் தாமதித்தே வந்தது.
எதிரில் உட்கார்ந்திருந்தவர்
என் பெட்டியை முழங்காலால் தொட்டு,
"சேம்பிளுங்களா?" என்றார்.
"லென்ஸ்."
"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு
எலும்புக்குத் திரும்பினார்.

தூங்கத்தான் வந்தேன்.
பதினோரு மணிக்கு முதல் பேல் விழுந்தது.
பிறகு ஒவ்வொன்றாக, தொப் தொப்பென்று,
வானத்தில் யாரோ செருப்பு கழற்றுவதுபோல.
ஜன்னலைச் சாத்தினேன்; சத்தம் கதவு வழியாக வந்தது.
மலையாளத்தில் ஒரு விலை, தெலுங்கில் ஒரு விலை,
நடுவில் பொறுமையாக ஒரு "கட்டாதுங்".
ஒன்றரை மணிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு
டீ குடிக்க இறங்கினேன்.

தெரு முழுக்கத் துண்டு, லுங்கி, பாவாடை, போர்வை.
தார்ப்பாயில் பல்பைக் கட்டி
நைட்டி மலைக்குப் பின்னால் மயிலாத்தாள்.
முன்னால் பாலக்காட்டு ஹம்சா,
அளவு குட்டை என்று அடம்.
"குட்டையா? இருங்" என்றவள்
என்னைப் பார்த்தாள்.
"ஏனுங்க்கா, சித்த இப்படி வந்து நில்லுங்."

நின்றேன்.
தோளில் வைத்தாள். கணுக்கால் வரை வந்தது.
"திரும்புங்." திரும்பினேன்.
மாங்காய் போட்டது, பூப்போட்டது, கட்டம் போட்டது.
இரண்டு மணி இரவில், பெயர் தெரியாத தெருவில்,
பதினாறு நைட்டிகளுக்கு நான் உடம்பாக இருந்தேன்.
மூட்டை தூக்குகிறவர்கள் என்னைச் சுற்றிப் போனார்கள்
மின்கம்பத்தைச் சுற்றிப் போகிறதுபோல.
இத்தனை ஊரில் இத்தனை லாட்ஜில் தங்கியிருக்கிறேன்.
எந்தத் தெருவும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

ஹம்சா பன்னிரண்டு டஜன் எடுத்தார்.
"சேச்சிக்கு ஒரு சாயா" என்றார்.
மயிலாத்தாள் காகிதத்தில் ஏதோ சுற்றி
என் கக்கத்தில் செருகினாள்.
காசு என்று வாயெடுத்தேன்.
"போங், போயித் தூங்குங்."
தூங்கினேன். பேல் விழுந்துகொண்டே இருந்தது.

காலையில் கணக்கு முடிக்கும்போது பார்த்தேன்.
நான் விட்ட கட்டம் காலியாக இல்லை.
அவர் கையெழுத்தில், நீல மையில்:
ஜவுளி.
"ராத்திரி பாத்தனுங்களே" என்றார் செங்கோட்டுவேலு,
பாக்கிச் சில்லறையை எண்ணியபடி.
நான் திருத்தவில்லை.

கோபி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து
காகிதத்தைப் பிரித்தேன்.
ஊதாப்பூ நைட்டி.
விரித்துத் தோளில் வைத்துப் பார்த்தேன்.
என் அளவு இல்லை.